அணைக்காத கம்ப்யூட்டர்

கே.ஆர்.புரம், பெங்களூர்
4 மார்ச் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

மம்தா எழுதுவது. போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்காது. அத்தை எடுத்தால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைக்கிறோம், ஒரு காரியமும் நடப்பதில்லை. அதனால்தான் இப்போதெல்லாம் உங்கள் வீட்டு நம்பர் வந்தால் நான் எடுப்பதே இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அவருடைய கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள்.

அது அங்கே ஓடிக்கொண்டிருந்தால் இங்கே என் போனில் அவர் பேருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. ஆள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். கம்பெனி அவர் கணக்கை மூடிவிட்டது. நானும் அவரும் பேசிக்கொள்கிற இடத்தில் மட்டும் இன்னும் எரிகிறது. பஸ்ஸில் பார்த்தாலும் பச்சை, ஆபீசில் பார்த்தாலும் பச்சை. யாராவது மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் அது அப்படி நிற்கும். அத்தைதான் என்று தெரியும்.

அவர் காணாமல்போன அன்றைக்கும் இந்தப் பச்சைதான் நம்மை ஏமாற்றியது. நாற்காலியை விட்டு எழுந்தால் புள்ளி மஞ்சளாகிவிடும், மஞ்சளானால் கம்பெனியில் கேள்வி வரும் என்று அவர் குளிக்கப் போனால்கூட அத்தையை உட்காரவைத்துவிட்டுப் போவார். "அம்மா, கொஞ்சம் மவுஸ ஆட்டிக்கினு இரு, பச்ச போய்டக் கூடாது. தோ வந்துட்றேன்" என்று அன்றைக்கும் சொல்லிவிட்டுத்தானே பைக்கை எடுத்தார்? அத்தை பொழுது சாயும்வரை ஆட்டினார்கள். கம்பெனிக்காரன் பச்சையைப் பார்த்துச் சும்மா இருந்தான். நான் பச்சையைப் பார்த்து, வேண்டுமென்றே பதில் போடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பேத்தமங்களா ஏரிக்கரையில் வண்டி மட்டும் நிற்கிறது என்று மறுநாள்தான் தெரிந்தது. ஏரியில் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. முதலிலேயே அணைத்திருந்தால் யாராவது தேடியிருப்போம்.

அத்தையைக் குறை சொல்லவில்லை. சொல்லவில்லை என்று எழுதும்போதே சொல்வதுபோல்தான் இருக்கிறது.

பொங்கலன்று நான் அந்தக் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கியதும், அவர் கத்தியதும், நான் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்ததும் உங்கள் எதிரில்தான் நடந்தது. அன்றைக்கு அணைத்ததற்கு வாங்கிக்கட்டிக்கொண்டேன். இன்றைக்கு நீங்களே அணையுங்கள். அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு என்னால் பிழைக்க முடியாது.

மம்தா


சாம்பியன் ரீப்ஸ்
கோலார் தங்கவயல்
11 மார்ச் 2024

அன்புள்ள மருமகள் மம்தாவுக்கு, ராஜேந்திரன் எழுதியது.

உன் கடிதம் கிடைத்தது. இந்தச் சுரங்க லைன் வீடுகளில் தபால்காரர் வந்து நின்றால் பேங்கு நோட்டீசோ என்று கதவைத் திறக்கவே யோசிப்பார்கள். உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன், படித்த பிறகு அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

அணைக்க மாட்டேன் அம்மா.

நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உன் அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. பென்ஷன் தாள் என்று சொல்லி அலமாரி மேலே போட்டுவிட்டேன். அவளுக்கு எழுத்து தெரியாது என்பது இந்த ஒரு விஷயத்தில் நல்லதாய்ப் போயிற்று.

அவள் அந்த நாற்காலியை விட்டு எழுவதில்லை. சமையலும் அரைகுறை. கேட்டால், "மணி அடிக்குதுய்யா. டிங்குன்னு அடிக்குது. அது அடிக்கிற வரிக்கும் அத்த அணைக்கக் கூடாது" என்கிறாள். எனக்குத்தான் டிரில் மிஷின் போட்டுப் போட்டு இரண்டு காதும் போய்விட்டதே. பக்கத்து வீட்டு எட்மண்டைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். டீயைக் குடித்துவிட்டு, "ஒண்ணும் அடிக்கலப்பா, பாவம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். உன் அத்தை சிரிக்கிறாள். "நீங்க வந்து குந்திக்கினா ஒடனே அடிச்சிடுமா?" என்கிறாள். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் புருஷன் விநாயக் பிறப்பதற்கு முன்னால் ஒருமுறை சுரங்கத்தில் பாறை வெடித்து வழி அடைத்துக்கொண்டது. உள்ளே மாட்டியவர்களில் நானும் ஒருத்தன். மேலேயிருந்து காற்று வருகிற இரும்புக் குழாயைக் கல்லால் தட்டிக்கொண்டே கிடந்தோம். அந்தத் தட்டுகிற சத்தம் மேலே கேட்கிறவரைக்கும் காற்றை அடைக்க மாட்டார்கள், ஆளை மேலே கொண்டுவந்த பிறகுதான் அடைப்பார்கள். உன் அத்தை ஷாஃப்ட் வாயில், சுரங்கத்துக்குள் இறங்குகிற குழி ஓரத்தில், சோறு தண்ணி இல்லாமல் நின்றவள். "சத்தம் வருது" என்று ஒருத்தர் சொன்ன பிறகுதான் தரையில் உட்கார்ந்தாளாம். அப்படிப்பட்டவளிடம் போய், மணியும் இல்லை மண்ணும் இல்லை, அணைத்துவிடு என்று நான் சொல்வதா?

நீ அந்தப் போனைப் பார்க்காதே. அதுதான் வழி.

ராஜேந்திரன்


கே.ஆர்.புரம்
16 மார்ச் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் நின்று படித்தேன். படித்துவிட்டு மேலே வேலைக்குப் போக முடியவில்லை.

அத்தைக்குப் பைத்தியம் இல்லை. மணி அடிப்பது நிஜம். அந்த மணி நான்தான் மாமா.

நான் அவருக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். தினமும். என் போனில் எழுதி அனுப்பினால் உங்கள் வீட்டில் அந்தக் கம்ப்யூட்டரில் டிங் என்று சத்தம் வரும். எட்மண்ட் மாமா வந்த அன்று நான் அனுப்பாத நேரமாக இருந்திருக்கும். பச்சை எரிகிறதே, எப்படி எழுதாமல் இருப்பேன்? இன்னொன்றும் இருக்கிறது. நான் அனுப்பினதும் "பார்த்தாச்சு" என்று ஒரு குறி விழும். அங்கே திரையில் திறந்து கிடப்பதால் விழுகிறது என்று புத்திக்குத் தெரிகிறது. மனசு கேட்பதில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறேன். வாயில் வந்தபடி திட்டியிருக்கிறேன். ஒரு புள்ளி மட்டும் வைத்து அனுப்பிய நாளும் உண்டு. எல்லாம் உங்கள் கண் முன்னால்தான் வந்து விழுந்திருக்கிறது. நீங்கள் இங்கிலீஷ் எழுத்து என்று விட்டிருப்பீர்கள். அதுவரைக்கும் என் மானம் தப்பியது.

நான் எழுதுவதால் அத்தை அணைக்க விடுவதில்லை. அவர்கள் அணைக்காததால் நான் எழுதுகிறேன். இது எங்கே போய் முடியும்? யாராவது ஒருத்தர் விட வேண்டும். நான் விடுகிறேன். இன்றோடு நிறுத்துகிறேன். மணி நின்றால் அத்தையும் மெல்ல விட்டுவிடுவார்கள். அப்புறமாவது அணையுங்கள்.

மம்தா


சாம்பியன் ரீப்ஸ்
29 மார்ச் 2024

அன்புள்ள மம்தாவுக்கு,

சொன்னபடி நிறுத்திவிட்டாய். உன் மேல் குற்றமில்லை. ஆனால் இங்கே வீடு வீடாக இல்லை.

மணி நின்றதும் உன் அத்தை முதலில் வாசலுக்கும் கம்ப்யூட்டருக்குமாக நடந்தாள். அப்புறம் மேஜை அருகிலேயே பாயைப் போட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கஞ்சியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். கை மட்டும் மேலே நீண்டு மவுஸை ஆட்டிவிட்டு விழுகிறது. நான் குனிந்தால் என் காதில் ஒரே பேச்சு: "மணி நின்னு போச்சுய்யா. இன்னா ஆச்சோ ஏது ஆச்சோ. வண்டி ஏறிப் போய்ப் பாருய்யா. உங்கால்ல வுழறேன், போய்ப் பாரு."

எங்கே போய்ப் பார்ப்பது? பஸ் பிடித்து ஏரிக்கரைக்குப் போனேன். வண்டி நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர் கரையை விட்டு இறங்கியிருக்கிறது, மாடுகள் மேய்கின்றன. திரும்பி வந்து, "பார்த்தேன், ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமாகி இத்தனை காலத்தில் அப்படிப் பார்த்ததில்லை. தலையில் அடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மணி நீதான் என்று சொல்லிவிடலாமென்று இரண்டு முறை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாய் வரவில்லை. மகன் தட்டுகிறான் என்று நம்பிக்கொண்டிருக்கிறவளிடம், அது அவன் இல்லை, மம்தா என்று சொல்ல நான் என்ன கல்லா?

பிள்ளையைப் போக்கிவிட்டேன். இவளையும் போக்க முடியாது. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். மறுபடியும் அனுப்பு அம்மா. ஒரு புள்ளி போதும்.

ராஜேந்திரன்


கே.ஆர்.புரம்
8 ஏப்ரல் 2024

மாமா,

நிறுத்தினால் நல்லது என்று நினைத்து நிறுத்தினேன். அனுப்பு என்கிறீர்கள், அனுப்புகிறேன். எனக்கு நீங்கள் என்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துதான் கொடுத்தீர்களா? செத்துப்போனவர் உயிரோடு இருக்கிறார் என்று அவரைப் பெற்றவளுக்குக் காலையும் மாலையும் பொய் சொல்கிற வேலை. அந்த வார்த்தையை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

புள்ளிதான் அனுப்பினேன். சுரங்கத்துச் சங்கு மாதிரி காலை ஒன்று, மாலை ஒன்று. அத்தை எழுந்து சாப்பிட்டார்கள் என்று லூயிசா போன் செய்து சொன்னாள். எட்மண்ட் மாமா பெண் இல்லாவிட்டால் அந்த நல்ல செய்தியும் எனக்கு வந்திருக்காது.

ஆனால் போன வாரம் பதில் வந்தது.

ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். "விநாயக் எழுதுகிறார்" என்று போனில் வந்தது. அப்படித்தான் வரும், அந்தப் பக்கம் யாராவது எழுத்தைத் தட்டினால். பிறகு ஒரே எழுத்து வரிசையாக ஒரு வரி முழுக்க வந்து விழுந்தது. அத்தையின் விரல் என்று அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. அந்த ஒரு நொடி இருக்கிறதே மாமா, அதில் அவர் வந்துவிட்டார், நான் கோபித்துக்கொண்டேன், மன்னித்தேன், வீட்டுக்குக் கிளம்பினேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா என்னைப் பிடித்துக் கீழே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு தினமும் வருகிறது. நான் ஒரு புள்ளி வைத்தால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரி. மகன் என்று நினைத்து அத்தை தட்டுகிறார்கள். அத்தை என்று தெரிந்தும் நான் காத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று உங்கள் ஊரில் நெட் கட்டாகியிருக்கும்போல, பச்சை போய்விட்டது. அணையுங்கள் அணையுங்கள் என்று கேட்டவள், அது திரும்ப வரும்வரை எந்த வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்களே.

மம்தா


சாம்பியன் ரீப்ஸ்
12 மே 2024

அம்மா மம்தா,

இந்தக் கடிதத்தை லூயிசா பெங்களூருக்கு வேலைக்கு வருகிற வழியில் உன் கையில் கொடுப்பாள். அவள் பக்கத்தில் இருக்கும்போதே படி. தனியாகப் படிக்காதே.

ஏரித் தண்ணீர் ரொம்ப இறங்கிவிட்டது. மீன் பிடிக்கிறவர்கள் பார்த்துப் போலீசுக்குச் சொன்னார்கள். ஸ்டேஷனுக்கு நானும் எட்மண்டும் போனோம். பெல்ட்டையும் கைக்கடிகாரத்தையும் காட்டினார்கள். கடிகாரம் கல்யாணத்தில் உங்கள் வீட்டில் போட்டது. ஆமாம் என்றேன். வெளியே வந்தபோது படி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, எட்மண்ட்தான் பிடித்துக்கொண்டான். மற்றது எதையும் உனக்கு எழுத மாட்டேன். கேட்கவும் கேட்காதே.

உன் அத்தையிடம் சொல்லிவிட்டேன். காது கேட்காதவன் பேசினால் கத்தித்தான் பேசுவான், லைனுக்கே கேட்டிருக்கும். அவள் கத்தவில்லை. தலையை ஆட்டினாள். பிறகு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நான் சொன்னது உள்ளே போனதா என்று தெரியவில்லை.

ஆளை மேலே கொண்டுவந்த பிறகுதான் காற்றை அடைப்பார்கள் என்று சொன்னேன் அல்லவா. கொண்டுவந்தாயிற்று. நீ வந்து உன் கையால் அணைத்துவிடு. என் கை அதற்குப் போகாது. அவளைக் கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

வா அம்மா. பழைய சண்டை எதையும் யாரும் பேச மாட்டார்கள்.

ராஜேந்திரன்


கே.ஆர்.புரம்
2 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

காரியம் முடிந்து வந்து சேர்ந்தேன். லூயிசா ஸ்டேஷன் வரை வந்தாள். சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். நீங்கள் கேட்பீர்கள் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

நீங்கள் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டீர்கள். அதனால் உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. அத்தை நாற்காலியிலிருந்து தானாக எழுந்து எனக்கு இடம் விட்டார்கள். நான் அழுத்தினேன். அணைக்கட்டுமா என்று அது ஒருமுறை கேட்டது, அதற்கும் சரி என்றேன். அடியில் இருக்கிற பெட்டியின் இரைச்சல் மெல்ல அடங்கியது. அந்த வீட்டுக்குள் இத்தனை இரைச்சல் இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. சாபம் விடுவார்கள், கையைத் தட்டிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அத்தை முந்தானையால் திரையைத் துடைத்தார்கள், அவ்வளவுதான்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. இனிமேல் திறந்தால் அது ஒரு ரகசிய வார்த்தை கேட்கும். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். நாங்கள் பேசியது, சண்டை போட்டது, எல்லாம் என் போனில் இருக்கிறது. அவர் பக்கத்தில் என்ன இருந்ததோ, ஏன் போனாரோ, அது அந்தப் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. அணைக்கச் சொன்னவள் நான். வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் வருத்தமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை, அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் கிளம்பும்போது அத்தை என் போனை வாங்கி, அதில் என் போட்டோவை விரலால் தடவினார்கள். "இனிமே எனக்கு எப்டிடி தெரியும்?" என்று கேட்டார்கள். அவரைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். இன்னுமா நம்புகிறார்கள் என்று பயந்து, பதில் சொல்லாமல் ஆட்டோவில் ஏறிவிட்டேன். அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது. எதைக் கேட்டார்கள் என்று விசாரித்து எழுதுங்கள்.

மம்தா


சாம்பியன் ரீப்ஸ்
9 ஜூன் 2024

அன்புள்ள மகள் மம்தாவுக்கு,

விசாரித்தேன். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் அலமாரி மேலேயிருந்து எடுத்து, முதலிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். பென்ஷன் தாள் என்று சொன்னதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டேன். பிறகு அவள் என் காதருகில் வாயை வைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குப் படிக்கத்தான் தெரியாது. கண்ணுமா தெரியாது? மணி அடிக்கிறப்பல்லாம் மம்தா மூஞ்சி வட்டமா ஓரத்துல வந்து நிக்கும். மொதல்லேர்ந்தே தெரியும் அது அவதான்னு. எம் புள்ள இல்லன்றது, ஏரிக்கரைல வண்டியப் பாத்தப்பவே தெரிஞ்சி போச்சி. பெத்தவளுக்கு நீ வந்து சொல்லணுமா?"

"அப்புறம் இன்னாத்துக்குடி அத்தப் புடிச்சிக்கினு குந்தினு இருந்தே?" என்றேன்.

"பச்ச போச்சின்னா அவ எழுத மாட்டா. போனும் எடுக்க மாட்டேன்றா. அவ கீறாளா இல்லியான்னு எனக்கு வேற எப்டிய்யா தெரியும்? அன்னிக்கி நான் பச்சய எரிய வுட்டுக்கினு, எம் புள்ள கீறான் கீறான்னு ஊருக்கே காட்டிக்கினு இருந்தேன். அவன் போய்க்கினு இருந்தான். பச்சய நம்பக் கூடாதுய்யா. மணியத்தான் நம்பணும். மணி நின்னப்போ, அவளும் எங்கியோ போய்ட்டான்னு நெனச்சேன். வண்டி ஏறிப் போய்ப் பாருன்னு உங்கால்ல வுழுந்தேன். நீ ஏரிக்கரைக்குப் போயிட்டு வந்து ஒண்ணும் இல்லன்றே."

செவிடன் காதில் ஊதின சங்கு என்று ஊரில் சொல்வார்கள். நான் காதால் மட்டும் செவிடன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரயிலில் உனக்கு வந்த அந்த வரிகளையும் கேட்டேன். யாருக்கு என்று நினைத்துத் தட்டினாய் என்றேன். "அவளுக்குத்தான். நீ பைப்புல தட்டினியே, அந்த மாரி. நானும் இங்கதான் கீறேன்னு தட்டினேன்" என்கிறாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. எந்த எழுத்தாக இருந்தால் என்ன என்று தட்டியிருக்கிறாள்.

கம்ப்யூட்டர் அங்கேயேதான் இருக்கிறது. அதைத் திறக்கிற வார்த்தை எங்களுக்கும் தெரியவில்லை. எட்மண்டை வைத்து உன் பெயர், அத்தை பெயர், என் பெயர் எல்லாம் போட்டுப் பார்த்தோம். எதற்கும் திறக்கவில்லை. விட்டுவிட்டோம்.

அதனால் உன் அத்தை கேட்டது இதுதான். அவளுக்கு இனிமேல் எப்படித் தெரியும்?

வாராவாரம் ஒரு கடிதம் போடு. எழுத ஒன்றும் இல்லையென்றால் ஒரு புள்ளி வைத்துப் போடு. உரக்கப் படித்துக் காட்டுகிறேன். ஒரு வாரம் வரவில்லையென்றாலும், இந்தத் தடவை நான் ஏரிக்கரைக்குப் போக மாட்டேன். நேராக ரயில் ஏறி உன் வாசலுக்கு வந்து கதவைத் தட்டுவேன். நீ திறக்கிற வரைக்கும் தட்டுவேன்.

ராஜேந்திரன்